நியூ ஆர்லியன்ஸில் ஜாஸ் கேட்பது எப்படி: ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

ஹூஸ்டனிலிருந்து காரில் கிளம்பினால் ஐந்தரை, ஆறு மணி நேரத்தில் நியூ ஆர்லியன்ஸ். அமெரிக்காவின் தெற்கில் வேலை பார்க்கும் தமிழர்கள், அவர்களைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோர், படிக்க வந்த மாணவர்கள் என்று நிறையப் பேர் போய் வருகிறார்கள். அவர்களில் பலரை நான் கூட்டிப் போயிருக்கிறேன், இன்னும் பலருக்குத் தொலைபேசியில் வழி சொல்லியிருக்கிறேன். பெரும்பாலானோர் சறுக்குவது ஒரே இடத்தில்தான். வெள்ளி இரவு வந்து இறங்குகிறார்கள், பார்கள் நிறைந்த போர்பன் தெருவில் இரண்டு இரவு சுற்றுகிறார்கள், ஞாயிறு காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்த ஊரின் இசை தெருவுக்கு இறங்குவதே ஞாயிறு பிற்பகலில்.

அதனால் இந்த வழிகாட்டி ஞாயிற்றுக்கிழமையை நடுவில் வைத்து, மற்ற நாட்களை அதைச் சுற்றி அடுக்குகிறது. சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மதுவும் தேவையில்லை, சோடா வாங்கிக்கொண்டு எல்லா இடத்திலும் உட்காரலாம்.

1. ஞாயிறு முதலில், டிக்கெட் பிறகு

செகண்ட் லைன் என்று ஒரு தெரு ஊர்வலம் உண்டு. சோஷியல் எய்ட் அண்ட் பிளெஷர் கிளப் எனப்படும் பேட்டைச் சங்கங்கள் ஆளுக்கொரு ஞாயிறை எடுத்துக்கொண்டு, பிராஸ் பேண்ட் (பித்தளை ஊதுகருவிகளும் டிரம்களும் கொண்ட குழு) வைத்து, தங்கள் தெருக்களில் நான்கு மணி நேரம் ஆடிப் போவார்கள். பருவம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி ஜூன் மாதத் தந்தையர் தினத்தை ஒட்டி முடியும். நடுவில் அந்த ஊரின் பெரிய திருவிழாவான மார்டி கிரா உச்சத்தில் இருக்கும் நாட்களில் இடைவெளி விழும்.

ஜூலையில் விடுமுறை கிடைக்கிறது என்று போனால் இது கிடைக்காது. பள்ளி விடுமுறையை வைத்துத் திட்டமிடும் குடும்பங்கள் இங்கேதான் ஏமாறுகின்றன. என் பரிந்துரை அக்டோபர், நவம்பர் அல்லது மார்ச். வெயில் தாங்கும், அறை வாடகையும் திருவிழாக் காலத்தைவிடக் குறைவாக இருக்கும்.

வருவது வெள்ளியாக இருக்கட்டும், கிளம்புவது திங்களாக இருக்கட்டும். ஞாயிறு இரவு விமானம் போடாதீர்கள். ஊர்வலம் மாலை முடிந்து, கூட்டம் கலைந்து, நீங்கள் வண்டி பிடித்து அறைக்கு வருவதற்குள் விமானம் போய்விடும்.

எந்த ஞாயிறு எந்தக் கிளப் என்பதை உள்ளூர் வானொலியான டபிள்யூ.டபிள்யூ.ஓ.இசட் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. தெருத் தெருவாக எழுதிய வழித்தாள் பெரும்பாலும் அந்த வாரத்தில்தான் கைக்கு வரும். ஆறு மாதம் முன்பே தெரு பெயரைத் தேடி அலைய வேண்டாம், தேதி மட்டும் போதும்.

2. போவதற்கு முன் காதைப் பழக்குங்கள்

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே அந்த வானொலியைக் கேட்கத் தொடங்குங்கள். 90.7 எஃப்.எம்., 1980-இல் தொடங்கியது, இணையத்திலும் ஒலிக்கிறது. நிகழ்ச்சி நடத்துபவர்கள் தன்னார்வலர்கள். இன்றிரவு எந்தக் கிளப்பில் யார் வாசிக்கிறார்கள் என்ற பட்டியலை ஒரு நாளில் பல முறை வாசிப்பார்கள். இரண்டு வாரத்தில் உங்களுக்கே பெயர்கள் பழகிவிடும். அந்த ஊரில் கிளப்பைப் பார்த்துப் போவதைவிட பேண்டைப் பார்த்துப் போவதுதான் சரி. அதற்குப் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய பதிவுகளிலிருந்து தொடங்காதீர்கள். ஜாஸின் தொடக்ககால மேதை கிங் ஆலிவரின் குழு 1923-இல் செய்த பதிவுகள் அருமையானவை. ஆனால் மைக் வருவதற்கு முந்தைய முறையில் பதிவானவை, டிரம்ஸ் சரியாகவே கேட்காது. புதிதாகக் கேட்பவருக்கு அது தூரத்தில் எங்கோ வாசிப்பதுபோல்தான் இருக்கும். முதலில் இன்றைக்கு வாசிப்பவர்களைக் கேளுங்கள்: ட்ரமே பிராஸ் பேண்ட், ரீபர்த் பிராஸ் பேண்ட், டர்ட்டி டஸன் பிராஸ் பேண்ட், பிரிசர்வேஷன் ஹால் ஜாஸ் பேண்ட். அப்புறம் 1925 முதல் 1928 வரை இந்த ஊரில் பிறந்த டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் தன் ஹாட் ஃபைவ், ஹாட் செவன் குழுக்களோடு செய்த பதிவுகளுக்குப் போங்கள். தாளம் உடம்பில் ஏறிய பிறகு பழைய ஒலியும் பிடிபடும்.

கேட்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். முதல் முறை டிரம்பெட்டை மட்டும் பின்தொடருங்கள், மெட்டு பெரும்பாலும் அதனிடம் இருக்கும். இரண்டாம் முறை அதற்கு மேலே ஓடி விளையாடும் கிளாரினெட். மூன்றாம் முறை கீழிருந்து சறுக்கி ஏறும் டிராம்போன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் அவரவர் கற்பனைக்கு அந்தக் கணமே தோன்றுவதை வாசிப்பதுதான் இந்தப் பாணியின் உயிர். பிரித்துக் கேட்கப் பழகாதவருக்கு நேரில் அது வெறும் இரைச்சலாகப் போய்விடும்.

கை தட்டவும் பழக வேண்டும். ஆதி தாளம் போட்டு வளர்ந்த கை முதல் தட்டில்தான் விழும். இங்கே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி இரண்டிலும் நான்கிலும் தட்ட வேண்டும். ஒரு சின்ன அறையில் முப்பது பேர் ஒன்றிலும் மூன்றிலும் தட்டினால் டிரம்மர் அவர்களை எதிர்த்து வாசிக்க வேண்டியிருக்கும். வீட்டிலேயே பழகிவிடுங்கள்.

3. எங்கே தங்குவது

ஊரின் பழைய மையப் பகுதியான பிரெஞ்சு குவாட்டரிலோ அதன் விளிம்பிலோ இருக்கும் ஒரு ஹோட்டல் போதும். எஸ்பிளனேட் அவென்யூ பக்கம் கிடைத்தால் நல்லது. இசை கிளப்புகள் வரிசையாக உள்ள பிரெஞ்ச்மென் தெருவுக்கும் ஜாஸ் மியூசியத்துக்கும் நடந்தே போய்விடலாம். கார் கொண்டுவந்தால் நிறுத்தக் கட்டணத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், குவாட்டருக்குள் அது கையைக் கடிக்கும்.

ட்ரமே பேட்டையில் முழு வீட்டை வாடகைக்கு எடுப்பது மலிவாகத் தெரியும். நான் வேண்டாம் என்பேன். அந்தப் பேட்டையின் வீடுகள் குறுகிய கால விடுதிகளாக மாறியதில்தான் பல தலைமுறையாக அங்கே இருந்த இசைக் குடும்பங்கள் வாடகை தாங்காமல் வெளியேறுகின்றன. பேட்டையில் ஆள் மாறினால் சட்டமும் தொல்லையாக வந்து நிற்கும். 2007 அக்டோபரில், இறந்துபோன ட்யூபா கலைஞர் கெர்வின் ஜேம்ஸின் நினைவாக ட்ரமே தெருவில் வாசித்துப் போனவர்களைப் போலீஸ் நிறுத்தி இரண்டு இசைக்கலைஞர்களைக் கைது செய்தது. நாம் கேட்கப் போகும் இசை அந்தத் தெருக்களில் அந்த மக்கள் வசிப்பதால்தான் இருக்கிறது. அவர்களுடைய வீட்டில் நாம் தங்காமல் இருப்பது நம்மால் ஆன சின்ன உதவி.

4. பையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகளாக ரொக்கம். இதுதான் முதல் பொருள், காரணம் ஆறாம் படியில் வரும். கிளப்புக்குள் இருக்கும் ஏ.டி.எம். கூடுதல் கட்டணம் பிடிக்கும், அதனால் ஊருக்குள் நுழையும்போதே வங்கியில் மாற்றிக்கொள்ளுங்கள்.

வயதைக் காட்டும் அடையாள அட்டை வேண்டும். பெரும்பாலான இசை கிளப்புகளில் 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. நரைத்த தலையோடு போனாலும் வாசலில் கேட்பார்கள். இந்தியாவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

நடந்து பழகிய காலணி, தண்ணீர் பாட்டில், சின்னக் குடை, காதுக்குப் பஞ்சடைப்பான். கடைசிப் பொருளைப் பலர் அலட்சியம் செய்வார்கள். தாழ்ந்த கூரையுள்ள அறையில் ஏழெட்டுப் பித்தளைக் கருவிகள் ஒரே நேரத்தில் முழங்கினால் காது வலிக்கும். குழந்தைகளுக்குக் கட்டாயம் வேண்டும்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த ஊரின் ரெட் பீன்ஸ் சோறு பார்க்க நம் ராஜ்மா சாதம் போலவே இருக்கும், ஆனால் பெரும்பாலும் பன்றி இறைச்சி போட்டு வேகவைத்தது. கம்போவும் அப்படித்தான், குழம்பின் அடித்தளமே இறைச்சி அல்லது கடலுணவாக இருக்கும். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

5. வெள்ளி மாலை: பிரிசர்வேஷன் ஹால்

முதல் நிகழ்ச்சியை இங்கே வைப்பதற்குக் காரணம், கவனம் சிதற இங்கே ஒன்றுமே இல்லை. செயின்ட் பீட்டர் தெரு 726-ஆம் எண்ணில் பழைய, சின்ன அறை. 1961-இலிருந்து கச்சேரி நடக்கிறது. பார் கிடையாது. முன்னால் தரையில் மெத்தை, அடுத்து சில பெஞ்சுகள், பின்னால் நிற்கும் இடம். ஒரு செட், அதாவது ஒரு சுற்று வாசிப்பு, சுமார் 45 நிமிடம், ஒரு மாலையில் பல செட்கள். எல்லா வயதினரும் வரலாம் என்பதால் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு இரவில் இதைவிட நல்ல இடம் அந்த ஊரில் இல்லை.

டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுங்கள். நேரில் போய் வரிசையில் நிற்கலாம் என்று நினைப்பவர்கள் வார இறுதியில் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் உடன் வந்தால் இருக்கை உறுதியான டிக்கெட்டாகப் பார்த்து எடுங்கள். சாதாரண டிக்கெட்டில் நிற்க வேண்டியிருக்கலாம்.

வாசிக்கும்போது படம் எடுக்கக் கூடாது, பதிவு செய்யக் கூடாது. ஃபோனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். ஒரே ஒரு பாட்டு உலகம் முழுக்கத் தெரியும் என்பதற்காக அதையே வாசிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அவர்களுக்கு நூற்றுக்கணக்கான உருப்படிகள் தெரியும், அன்றைய இரவுக்கு எது பொருந்தும் என்பதும் தெரியும்.

6. வெள்ளி, சனி இரவு: பிரெஞ்ச்மென் தெரு

போர்பன் தெருவை ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். அங்கே இருப்பதில் பெரும்பங்கு பிரபலமான ராக், பாப் பாட்டுகளைத் திரும்ப வாசிக்கும் குழுக்கள். 733-ஆம் எண்ணில் ஃப்ரிட்ஸல்ஸ் போன்ற ஓரிரு இடங்கள் விதிவிலக்கு. எஸ்பிளனேட் அவென்யூவைத் தாண்டினால் மாரினி பகுதியில் பிரெஞ்ச்மென் தெரு. ஸ்பாட்டட் கேட், டி.பி.ஏ., ஸ்னக் ஹார்பர், ப்ளூ நைல், மேசான் எல்லாம் சில நிமிட நடையில் அடுத்தடுத்து இருக்கின்றன.

நேரம்தான் இங்கே முக்கியம். பத்து மணிக்கு மேல் போனால் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம், எதுவும் காதில் விழாது. மாலை ஆறரை, ஏழுக்கே போய்விடுங்கள். பழைய பாணி ஜாஸ் குழுக்கள் பெரும்பாலும் முன்மாலைச் செட்களில் வாசிப்பார்கள். நேரம் ஏற ஏற ஃபங்க், பிராஸ் பேண்ட் என்று வேகம் கூடும். இரவு முதிர்ந்த பிறகு சார்ட்ரஸ் தெரு முனையில் இளைஞர்களின் பிராஸ் பேண்ட் நடைபாதையிலேயே வாசிப்பதுண்டு, அதற்காக வேண்டுமானால் தாமதமாக இருங்கள்.

ஸ்னக் ஹார்பர் மட்டும் வேறு வகை. இருக்கை, டிக்கெட், அமைதி. நவீன ஜாஸைக் கவனமாகக் கேட்க ஏற்ற இடம். 2020-இல் கொரோனாவில் இறந்த பியானோ மேதை எல்லிஸ் மார்சாலிஸ் பல ஆண்டுகள் வெள்ளிதோறும் வாசித்தது இங்கேதான். இங்கே போய் மேசையில் ஊர்க்கதை பேசினால் பக்கத்து மேசை திரும்பிப் பார்க்கும்.

இப்போது அந்தச் சில்லறை நோட்டுகள். இந்தத் தெருவில் பல கிளப்புகளில் நுழைவுக் கட்டணம் இருக்காது. உள்ளே ஏதாவது வாங்கிக் குடிக்க வேண்டும், அது கிளப்புக்கு. வாசிப்பவர்களின் வருமானத்தில் பெரும்பங்கு டிப் வாளியில் விழுவது. இரண்டு பாட்டுக்கு நடுவில் பேண்டில் ஒருவர் வாளியோடு சுற்றி வருவார். இலவசம் என்று நினைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு எழுந்து போவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. வேண்டுமென்றே செய்வதில்லை, தெரியாமல் செய்கிறார்கள். ஒரு செட் முழுக்க இருந்தால் தலைக்கு ஐந்து முதல் பத்து டாலர் போடுங்கள். வாசலில் நின்று மூன்று பாட்டு கேட்டாலும் ஏதாவது போடுங்கள். தெருவில் வாசிப்பவர்களைப் படம் எடுப்பதற்கு முன் வாளியில் பணம் விழுந்திருக்க வேண்டும்.

21 வயதுக்குக் குறைந்தவர்கள் உடன் இருந்தால் இந்தத் தெருவின் பெரும்பாலான கிளப்புகளைப் பெரியவர்கள் முறை வைத்துப் பார்க்க வேண்டியதுதான். இளையவர்களை மறுநாள் பகலில் ராயல் தெருவுக்குக் கூட்டிப் போங்கள். பகல் நேரத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கு விடும் அந்தத் தெருவில் நல்ல தேர்ச்சி உள்ளவர்கள் வாசிக்கிறார்கள். கிளாரினெட் கலைஞர் டோரீன் கெச்சன்ஸ் உலகம் முழுக்க அறியப்பட்டதே அந்தத் தெருமுனையில் வாசித்துத்தான்.

7. சனி பகல்: பழைய இடங்கள்

ஒரு இரவு கேட்ட பிறகுதான் பழைய இடங்களுக்குப் போக வேண்டும். ஒலி காதில் இருந்தால்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கருவி ஏதாவது சொல்லும்.

காலையில் ஜாஸ் மியூசியம். எஸ்பிளனேட் அவென்யூவின் தொடக்கத்தில், 400-ஆம் எண்ணில், பழைய நாணயச் சாலைக் கட்டடத்தில் இருக்கிறது. திங்களன்று மூடியிருக்கும், அதனால் இதைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். மாடியில் சின்னக் கச்சேரி அரங்கு உண்டு. அன்று நிகழ்ச்சி இருக்கிறதா என்று வாசலிலேயே கேளுங்கள்.

அங்கிருந்து ராம்பார்ட் தெரு வழியாக லூயி ஆம்ஸ்ட்ராங் பூங்கா. அதற்குள் காங்கோ சதுக்கம். ஞாயிறுதோறும் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்க மக்கள் கூடி, கொட்டி, ஆடிய இடம். நீண்ட காலம் வேறு பெயரில் இருந்ததை 2011-இல் நகர மன்றம் காங்கோ சதுக்கம் என்று முறைப்படி மாற்றியது. ஞாயிறு ஊர்வலத்துக்கு முன்னால் இங்கே கால் வைப்பது நல்லது. பூங்காவுக்குப் பகலில் மட்டும் போங்கள்.

பூங்காவைத் தாண்டினால் ட்ரமே. செயின்ட் பிலிப் தெருவில் பேக்ஸ்ட்ரீட் கலாச்சார அருங்காட்சியகம். சில்வெஸ்டர் ஃபிரான்சிஸ் என்பவர் தன் வாழ்நாள் முழுக்க ஊர்வலங்களையும் இறுதிச் சடங்குகளையும் படம் பிடித்து, ஆடைகளைச் சேர்த்து உருவாக்கியது. 2020-இல் அவர் காலமானார். 2021-இல் ஐடா புயலில் பழைய கட்டடம் சேதமடைந்த பிறகு இந்தத் தெருவுக்கு மாறியது. குடும்பம் நடத்தும் சின்ன இடம், திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். ஒரே ஒரு அருங்காட்சியகத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். மறுநாள் தெருவில் பார்க்கப்போகும் விசிறி, தோளில் அணியும் பட்டை, இறகு எல்லாவற்றையும் யார், எதற்காகச் செய்கிறார்கள் என்பது இங்கே புரிந்துவிடும்.

ஆம்ஸ்ட்ராங் பிறந்த வீட்டைத் தேடிப் போகாதீர்கள், அது 1964-இல் இடிக்கப்பட்டுவிட்டது. அவர் சிறுவனாக வேலை பார்த்த கார்னோஃப்ஸ்கி குடும்பத்தின் சவுத் ராம்பார்ட் தெருக் கடை 2021 ஐடா புயலில் சரிந்துவிட்டது. பழைய பயணக் குறிப்புகளில் அது இன்னும் நிற்பதாக இருக்கும்.

8. ஞாயிறு பிற்பகல்: செகண்ட் லைன்

காலையில் வழித்தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் இடம், நிற்கும் இடங்கள், முடியும் இடம் எல்லாம் அதில் இருக்கும். மழை என்றால் தள்ளிப் போயிருக்கலாம், கிளம்பும் முன் ஒரு முறை சரிபாருங்கள்.

தொடங்கும் நேரத்துக்கு அரை மணி முன்பே போய்விடுங்கள். பெரும்பாலும் பன்னிரண்டு அல்லது ஒரு மணி. நகராட்சி கொடுக்கும் அனுமதி நான்கு மணி நேரம்தான் என்பதால் காத்திருக்க மாட்டார்கள். ஒரு பாரின் வாசலிலிருந்தோ வீட்டு வாசலிலிருந்தோ கிளப் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக ஆடிக்கொண்டு வெளியே வருவார்கள். ஒரே நிறத்தில் சூட், அதற்கு ஏற்ற தொப்பி, காலணி, கையில் இறகு விசிறி. அந்த நாளின் உச்சமே இந்த முதல் பத்து நிமிடம்தான். தாமதமாக வருகிறவர்கள் நடுவழியில் சேர்ந்துகொள்ளலாம், ஆனால் இதைத் தவறவிட்டிருப்பார்கள். வாசலுக்கு நேர் எதிரில் நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள், அவர்களுக்கு ஆட இடம் வேண்டும்.

ஊர்வலத்தின் அமைப்பைப் புரிந்துகொண்டால் எங்கே நடப்பது என்பது தெரிந்துவிடும். முன்னால் போலீஸ், அடுத்து பதாகை, அப்புறம் கயிற்றுக்குள் கிளப் உறுப்பினர்கள், அவர்களுக்குப் பின்னால் பேண்ட். இவர்கள்தான் முதல் வரிசை. பின்னாலும் இரு பக்கமும் ஆடிக்கொண்டு வரும் பொதுமக்கள் இரண்டாம் வரிசை, அதாவது செகண்ட் லைன். நீங்கள் அந்த இரண்டாம் வரிசை. பெரிய கிளப் என்றால் பல பிரிவுகள், பிரிவுக்கு ஒரு பேண்ட். 1884-இல் தொடங்கிய யங் மென் ஒலிம்பியன் சங்கத்தின் ஊர்வலம் அப்படிப்பட்டது. வழக்கமாக செப்டம்பர் நான்காம் ஞாயிறு நடக்கும்.

கயிற்றுக்குள் நுழையக் கூடாது. காரணம் இருக்கிறது. பேண்டுக்கு ஊதியம், உடை, அனுமதிக் கட்டணம், போலீஸ் பாதுகாப்புக்கான செலவு எல்லாம் அந்த உறுப்பினர்கள் ஆண்டு முழுக்கச் சேர்த்த பணம். இந்தச் சங்கங்கள் கறுப்பின மக்களுக்குக் காப்பீடு மறுக்கப்பட்ட காலத்தில் மருத்துவச் செலவுக்கும் அடக்கச் செலவுக்கும் சந்தா சேர்த்தவை. அன்றைய நாள் அவர்களுடையது, கதவு நமக்கும் திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பேண்டுக்கு முன்னால் ஃபோனை நீட்டிக்கொண்டு பின்னோக்கி நடப்பதை ஒவ்வொரு வாரமும் யாராவது செய்கிறார்கள். டிராம்போனின் குழல் நீளும் இடத்தில் உங்கள் தலை இருக்கும். உடம்பைச் சுற்றி மாட்டும் பெரிய ஊதுகருவியான சூசஃபோனை மாட்டியிருப்பவருக்குக் கீழே பார்க்க முடியாது. அரை நிமிடம் பக்கவாட்டிலிருந்து எடுத்துவிட்டு உள்ளே வைத்துவிடுங்கள். குழந்தைகளின் முகத்தை எடுக்கும் முன் பெற்றோரைக் கேளுங்கள்.

எங்கே நடந்தால் நன்றாகக் கேட்கும்? பேண்டுக்குச் சற்றுப் பின்னால், பேஸ் டிரம் பக்கம். பேஸ் டிரமை ஒருவர், ஸ்நேர் டிரமை இன்னொருவர் வாசிப்பார்கள், பேஸ் டிரம் மேல் ஒரு சிம்பல் பூட்டியிருக்கும். இருவரும் பேசிக்கொள்வதைக் கவனித்தால் கால் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஆடத் தெரியாது என்று ஒதுங்கி நிற்க வேண்டாம். தாளத்தில் நடந்தாலே போதும், யாரும் தேர்வு வைக்கவில்லை. கிளேபோர்ன் அவென்யூவில் நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியில் வழி போனால் அந்த இடத்தில் பேண்டை விட்டு விலகாதீர்கள். கான்கிரீட் கூரை ஒலியைத் திருப்பி அனுப்பும், பேண்டும் அதைத் தெரிந்துகொண்டு அங்கே முழு பலத்தையும் காட்டும்.

தண்ணீரையும் உணவையும் கூடவே வரும் உள்ளூர் வியாபாரிகளிடம் வாங்குங்கள். வண்டியின் பின்னால் அடுப்பு வைத்துச் சுடுவார்கள், ஐஸ் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். கழிப்பறை என்றால் ஊர்வலம் நிற்கும் பார்கள்தான், ஏதாவது வாங்கிவிட்டுப் போங்கள். குடியிருப்பவரின் வாசற்படியில் ஏறி உட்காராதீர்கள்.

வண்டியைத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, முடியும் இடம் வேறு பேட்டை என்பது தெரிந்து திரும்பி நடப்பவர்கள் அதிகம். தாளைப் பார்த்து, பாதை தன்னைத் தானே நெருங்கி வரும் ஓர் இடமாகத் தேர்ந்தெடுத்து நிறுத்துங்கள். வாடகைக் கார் வேண்டுமானால் பாதையிலிருந்து நாலைந்து தெரு தள்ளி நடந்துபோய் அழையுங்கள், மூடிய தெருவுக்குள் வராது.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2013 அன்னையர் தினத்தில் ஓர் ஊர்வலத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து பலர் காயமடைந்தார்கள். அதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குழந்தைகளோடு வருகிற நிகழ்ச்சி இது. கூட்டமாகப் போங்கள், பகட்டான நகையும் கேமராப் பையும் வேண்டாம். ஊர்வலம் முடிந்ததும் அங்கேயே சுற்றாமல் கிளம்பிவிடுங்கள். குழந்தைகளோடு வந்தவர்கள் முதல் இரண்டு நிறுத்தங்களோடு திரும்பினால் போதும்.

9. எதிர்பாராமல் எதிர்ப்படுபவை

இறுதி ஊர்வலம் ஒன்றை வழியில் சந்திக்கலாம். தேடிப் போகாதீர்கள். எதிர்ப்பட்டால் தொப்பியைக் கழற்றி, பேசாமல் ஓரமாக நில்லுங்கள். கல்லறை நோக்கிப் போகும்போது பேண்ட் மிக மெதுவாக, சோகமான துதிப்பாடலை வாசிக்கும். உடலுக்கு விடை கொடுத்த பிறகு டிரம் வேகம் பிடிக்கும், ஆட்டம் தொடங்கும். அதற்குப் பிறகுதான் வெளியாட்கள் சேரலாம், அப்போதும் குடும்பத்துக்குப் பின்னால்தான். அவர்கள் முகத்தைப் படம் எடுக்கவே கூடாது.

மார்ச்சில் போகிறவர்கள் சூப்பர் சண்டே பற்றிக் கேட்டு வையுங்கள். புனித யோசேப்பு நாளான மார்ச் 19-ஐ ஒட்டிய ஒரு ஞாயிறு, சென்ட்ரல் சிட்டியில் ஏ.எல். டேவிஸ் பூங்காப் பக்கம் மார்டி கிரா இந்தியன்ஸ் எனப்படும் கறுப்பினக் குழுக்கள் வெளியே வருவார்கள். மணியும் இறகும் வைத்து ஆண்டு முழுக்கக் கையால் தைத்த ஆடை. மழை வந்தால் ஆடை பாழாகிவிடும் என்பதால் வேறு ஞாயிறுக்குத் தள்ளிவைப்பார்கள். இறகைத் தொடாதீர்கள், வழி மறிக்காதீர்கள், படத்துக்கு அனுமதி கேளுங்கள்.

10. பணம் யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள்

டிப் தவிர இன்னும் சில வழிகள் உண்டு. பேண்ட் சி.டி. விற்றால் நேராக அவர்களிடமே வாங்குங்கள். பிரெஞ்ச்மென் தெருவில் லூசியானா மியூசிக் ஃபேக்டரி என்ற கடை உள்ளூர் இசைக்கென்றே இருக்கிறது. எந்த பேண்டைக் கேட்டீர்கள், எது பிடித்தது என்று சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள்.

நன்கொடை தர விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டு. ரீபர்த் பேண்டின் டிரம்மர் டெரிக் டாப் 2007-இல் தொடங்கிய ரூட்ஸ் ஆஃப் மியூசிக். பள்ளி முடிந்ததும் சிறுவர்களுக்குக் கருவி, பாடம், சாப்பாடு எல்லாம் இலவசமாகத் தந்து அணிவகுப்பு பேண்டாகப் பயிற்றுகிறது. நீங்கள் பத்து ஆண்டு கழித்துக் கேட்கப்போகும் டிரம்பெட் கலைஞர் இன்று அப்படியொரு வகுப்பில் இருப்பார். இன்னொன்று 1998-இல் தொடங்கிய நியூ ஆர்லியன்ஸ் மியூசிஷியன்ஸ் கிளினிக். காப்பீடு இல்லாமல் வாளிப் பணத்தில் வாழும் கலைஞர்களுக்கு மருத்துவம் பார்க்கிறது.

11. திருவிழாவுக்கு மட்டும்தான் வர முடியும் என்றால்

ஜாஸ் அண்ட் ஹெரிடேஜ் ஃபெஸ்டிவல் ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும், ஃபேர் கிரவுண்ட்ஸ் குதிரைப் பந்தயத் திடலில் நடக்கிறது. 1970-இல் காங்கோ சதுக்கத்தில் தொடங்கியது. பெரிய மேடைகளில் ராக், பாப் நட்சத்திரங்கள் வருவார்கள், புதியவர்கள் அங்கேயே நாள் முழுக்க நின்றுவிடுகிறார்கள். நீங்கள் எகானமி ஹால் கூடாரத்துக்குப் போங்கள், பழைய பாணி ஜாஸ் முழுக்க அங்கேதான். நவீன ஜாஸுக்கும் தேவாலயப் பாடல்களான காஸ்பெலுக்கும் தனிக் கூடாரங்கள் உண்டு. வியாழக்கிழமை கூட்டம் குறைவு.

ஏப்ரலில் வரும் பிரெஞ்சு குவாட்டர் ஃபெஸ்டிவலுக்கு நுழைவு இலவசம், மேடைகளில் பெரும்பாலும் உள்ளூர்க் கலைஞர்கள். முதல் முறை போகும் குடும்பத்துக்கு ஜாஸ் ஃபெஸ்ட்டைவிட இதைத்தான் நான் சொல்வேன். ஆகஸ்டில் ஆம்ஸ்ட்ராங் பிறந்த நாளை ஒட்டி ஜாஸ் மியூசியத்தில், அவருடைய செல்லப்பெயரான சாச்மோவை வைத்து, சாச்மோ சம்மர்ஃபெஸ்ட் நடக்கும். ஜூலை, ஆகஸ்டில்தான் விடுமுறை கிடைக்கும் என்பவர்களுக்கு அதுவே வழி. வெயிலுக்குத் தயாராகப் போங்கள், புயல் பருவம் என்பதால் ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்து எடுங்கள்.